தொப்பிக் கிராமத்தில் நான் சொல்லாத செய்தி

வியட்நாமுக்கு முதல் தடவையாகக் குழுவை அழைத்துப் போகிற பிள்ளைகள் எனக்குப் போன் செய்து கேட்பதெல்லாம் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். தயிர் கிடைக்குமா, மீன் சாஸ் ஊற்றாமல் சமைத்துத் தருவார்களா, ஊறுகாயை ஏர்போர்ட்டில் விடுவார்களா. தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்காத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களோடு வருகிற இருபது பேருக்கும், அவர்கள் விட்டுவிட்டு வந்த வீடுகளுக்கும் நடுவில் உங்கள் போன் இருக்கிறது. அந்த வீடுகளில் ஏதாவது நடந்தால் முதலில் மணி அடிப்பது உங்கள் பையில்தான்.

துபாய் கராமாவில் ஒரு டிராவல் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். அதில் பெரும்பகுதி குழுக்களோடு ஊர் ஊராகப் போனதுதான். சேர்ந்த புதிதில் ஓமன் மலைப்பக்கம் ஒரு குழுவைக் கூட்டிப் போயிருந்தபோது, ஒரு அம்மாவின் அப்பா ஊரில் இறந்துபோன செய்தி வந்தது. வந்த நிமிஷமே போய்ச் சொல்லிவிட்டேன். பழைய கோட்டைப் படிக்கட்டில், உச்சி வெயிலில், அந்த அம்மா மயங்கி விழுந்து தலையில் அடிபட்டது. வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. திரும்பி வந்ததும் எங்கள் மேனேஜர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "முதல்ல டிக்கெட். அப்புறம்தான் செய்தி. ஏறிப் போக பிளைட் இல்லாத இடத்துல ஒருத்தர் கையில துக்கத்தைக் குடுத்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. பல வருஷம் அப்படியே நடந்துகொண்டேன். மூன்று நான்கு தடவை நல்லபடியாகவும் முடிந்தது.

இனி உமாவைப் பற்றிச் சொல்கிறேன்.

உமா ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் சந்திரன் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். மகள் நிலாவுக்கு அப்போது பதினோரு வயது. வீடு எங்கள் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி. ஈத் விடுமுறைக்கு மூன்று பேருக்கும் சேர்த்து வியட்நாம் புக் செய்திருந்தார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சந்திரனுக்கு லீவ் ரத்து. எதிர்பார்த்ததைவிட முன்னதாகக் கன்டெய்னர்கள் வந்து இறங்கிவிட்டனவாம். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, அடுத்த வருஷம் நான் வர்றேன்" என்று சொல்லி ஏர்போர்ட் வரை கொண்டுவந்து விட்டார்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இவளைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. வழி தெரியாது. ஆனா தெரிஞ்ச மாதிரியே நடப்பா" என்றார்.

"இவர் மட்டும் என்னவாம்? ஜிபிஎஸ் போட்டுக்கிட்டே அல் ஐன் போற வழியில அபுதாபி போய்ச் சேர்ந்தவர்" என்றார் உமா. சந்திரன் சத்தமாகச் சிரித்தார். அவரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஹனோயில் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்க எல்லோரும் கவுண்டரில் வரிசை கட்டினார்கள். வெளியே பஸ் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவசரம். "சிம் கட்டாயம் வேணும்கிறவங்க மட்டும் வாங்குங்க. ஹோட்டல்ல வைஃபை இருக்கு. அவசரம்னா என் நம்பரை வீட்ல குடுத்திருக்கீங்கல்ல, அது போதும்" என்றேன். பாதிப் பேர் வரிசையை விட்டு விலகினார்கள். உமாவும் விலகினார். "நாலு நாளைக்கு ஸ்கூல் பேரண்ட்ஸ் குரூப்பைப் பார்க்காம நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

மூன்றாம் நாள் கிராமச் சுற்றுலா. உங்களுக்குத் தெரிந்த அதே திட்டம்தான். காலையில் ஊதுபத்திக் கிராமம், அடுத்து தொப்பிக் கிராமம், ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு, பிறகு மண்பாண்டம். உள்ளூர் கைடு ஹோவா என்கிற பெண்மணி. நாற்பது வயது இருக்கும். ஆறு வருஷமாக எங்கள் குழுக்களோடு வருகிறவர். அளந்து பேசுவார்.

ஊதுபத்திக் கிராமத்தில் சிவப்புச் சாயம் தோய்த்த மூங்கில் குச்சிகளைக் கட்டுக் கட்டாக விரித்து வெயிலில் காய வைத்திருந்தார்கள். முற்றமெல்லாம் பூத்த மாதிரி இருந்தது. பஹ்ரைன் குதைபியாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அங்கேயே ஒரு மணி நேரம் போட்டோ எடுத்தது. "யல்லா யல்லா" என்று நான்தான் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினேன்.

தொப்பிக் கிராமத்தில் நாங்கள் போன வீட்டுக்காரப் பெண் கெட்டிக்காரி. தைத்துக்கொண்டே எதிரில் போனை நிறுத்தி வைத்து, நேரலையில் தொப்பி விற்றுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எங்களையும் அதில் காட்டினாள். நிலா கையாட்டினாள். சூடான இரும்புத் தகட்டின் மேல் ஓலையை வைத்துத் துணிப்பொட்டலத்தால் அழுத்தித் தேய்த்தால் அது காகிதம் போலத் தட்டையாகிவிடும். கூம்பு மாதிரியான சட்டத்தில் பதினாறு மூங்கில் வளையங்கள். அவற்றின் மேல் ஓலையைப் பரப்பி, கண்ணுக்கே தெரியாத நைலான் நூலால் ஒவ்வொரு வளையமாகத் தைக்க வேண்டும். விருந்தாளிகளுக்கு இரண்டு வளையம் தைக்கக் கொடுப்பார்கள். உமா ஊசியை வாங்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் போன் வந்தது. எங்களுக்கு முற்பகல் பதினொன்று பத்து. துபாயில் எட்டு பத்து.

"சார், நான் முரளி பேசறேன். சந்திரனோட தம்பி. அண்ணன் டூட்டிக்குக் கிளம்பும்போது வீட்டுலயே விழுந்துட்டாரு. ஹார்ட் அட்டாக்குன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"பேசறாரு சார். நல்லாப் பேசறாரு. ஆனா டாக்டர் சீரியஸ்ங்கறார். அண்ணிகிட்ட எதுவும் சொல்லாதீங்க சார். புள்ளையோட தனியா இருக்காங்க, தாங்க மாட்டாங்க. எப்படியாவது முதல் பிளைட்ல ஏத்தி விட்டுடுங்க."

சரி என்றேன். உடனே கராமா ஆபீஸுக்குப் போன் போட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு விமானம், ஈத் கூட்டம், சீட் இல்லை, காத்திருப்பில் போடுகிறோம், உறுதியானதும் சொல்கிறோம் என்றார்கள். வேலை சுறுசுறுப்பாக நடந்தது. அந்தச் சுறுசுறுப்பில் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்கிற தைரியம். அதை நம்பாதீர்கள்.

ஹோவாவை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த அம்மாவுக்குச் சொல்லியாச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை. டிக்கெட் வரட்டும்."

"டிக்கெட் சாயங்காலத்துக்கு. அவர் இப்போ பேசுகிறார் என்கிறீர்கள்."

"வீட்டுக்காரர்களே சொல்ல வேண்டாம் என்கிறார்கள்."

"அவர் இந்த அம்மாவோட கணவர். உங்கள் கணவர் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஹோவா குழுவிடம் போய் ஓலை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விளக்கத் தொடங்கினார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு முரளி மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

"சார், அண்ணன் அண்ணியைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. உமாவுக்குப் போன் போடு, போன் போடுங்கறாரு. லைன் கிடைக்கலைன்னு சொல்லிச் சமாளிச்சுட்டு இருக்கேன். என்ன சார் பண்றது? குடுத்துடலாமா?"

"பத்து நிமிஷம் குடுங்க முரளி. நான் பக்குவமாச் சொல்லிட்டு, நானே கூப்பிட்டு அவங்க கையில போனைக் குடுக்கறேன்."

அப்படித்தான் நினைத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே உமா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்தேன். பத்தடிகூட இருக்காது. நான் வருவதைப் பார்த்ததும் அவர் தொப்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நூல் தாறுமாறாகக் கோணிக்கொண்டு போயிருந்தது. நிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க போன்ல ஒரு போட்டோ எடுங்க. எனக்குச் சட்டைப் பட்டன் தைக்கத் தெரியாதுன்னு இவ அப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கார். ராத்திரி அனுப்பி வைக்கணும்."

நான் போட்டோ எடுத்தேன். "நல்லா வந்திருக்கு மேடம்" என்றேன். திரும்பி நடந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். மேனேஜர் சொன்னது, முரளி சொன்னது, டிக்கெட் உறுதியாகாதது, குழந்தை பக்கத்தில் இருந்தது என்று நிறைய வரும். எல்லாமே உண்மைதான். ஆனால் வாசலில் போய் நின்றபோது எனக்கு மூச்சு லேசாகிவிட்டது. சொல்லாமல் தப்பித்துவிட்டேன் என்கிற நிம்மதி அது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். அந்த நிம்மதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும். வந்தால் உஷாராகிவிடுங்கள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு முரளியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆஞ்சியோவுக்கு உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். இனிமேல் பேச முடியாது. அதைப் படித்ததும், சரி, சிகிச்சை முடிந்து நல்ல செய்தியோடு சேர்த்தே சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு வீட்டில் வாழைப்பூ சாலட், தக்காளிக் குழம்பில் போட்ட டோஃபு, கீரை வதக்கல். "தயிர் மாஃபி?" என்று, தயிர் இல்லையா என்பதை அரபு கலந்து குதைபியாக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். உமா ஊரிலிருந்து கொண்டுவந்த நாரத்தங்காய் ஊறுகாயை எல்லோருக்கும் வைத்துக்கொண்டு வந்தார். என் தட்டிலும் வைத்தார். "என்ன சார், சாப்பிடவே இல்லையே? உடம்புக்கு முடியலையா?" என்றார்.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கடைசி அழைப்பு. முரளியின் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். ஹோவா பின்னால் வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை. "நான் அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாத்து பார்க்கப் போறேன். நீங்க அம்மாவுக்குச் சொல்லுங்க. இப்பவே" என்றார்.

உமாவைக் கொல்லைக்கு அழைத்து வந்தேன். கைகழுவிய ஈரத்தைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் விழவில்லை, கத்தவில்லை. கிணற்றுத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "எப்போ?" என்றார்.

"இப்பதான் மேடம் போன் வந்தது."

அது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

"நேத்து ராத்திரிகூட வீடியோல பேசினாரே" என்றார். அப்புறம், "நிலா எங்கே?" என்றார்.

சாயங்கால விமானத்தில் சீட் கிடைத்தது. குழுவை ஹோவாவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் உமாவோடும் நிலாவோடும் துபாய்க்குத் திரும்பினேன். விமானத்தில் நிலா அம்மா மடியில் அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். உமா வழி நெடுக ஜன்னல் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

சந்திரனைச் சொந்த ஊரான புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். காரியங்கள் முடிந்து, நிலாவின் படிப்புக்காக உமா திரும்பி வந்து வேலையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டுக்குப் போகவில்லை. மளிகைக்கடைக்குக்கூட வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

நாலு மாதம் கழித்து முரளி போன் செய்தார். "சார், அண்ணி ஆஸ்பத்திரி பேப்பர்ஸ் எல்லாம் வாங்கிப் படிச்சுட்டு இருக்காங்க. ஒன்பதரை வரைக்கும் அண்ணன் நினைவோட பேசிக்கிட்டு இருந்தார்னு அதுல இருக்கு. உங்க லைன் கிடைக்கவே இல்லைன்னு நான் சொல்லியிருக்கேன். உங்ககிட்ட வருவாங்க. அதையே சொல்லிடுங்க சார். உங்க கால்ல வேணா விழறேன். இல்லைன்னா அவங்க என் முகத்துலயே முழிக்க மாட்டாங்க."

மறுநாள் பள்ளி முடிந்த கையோடு உமா ஆபீஸுக்கு வந்தார். இளைத்திருந்தார். டீ வேண்டாம் என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"முரளி லைன் கிடைக்கலைன்னு சொல்றாரு சார். நிஜமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். எனக்கும்தான். ஆனால் அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை வாசலுக்கு நடந்து போக முடியாது.

"லைன் கிடைச்சுது மேடம். முரளி முதல்ல பயந்துதான் சொல்ல வேண்டாம்னார். ஆனா ரெண்டாவது தடவை குடுத்துடலாமான்னு கேட்டார். நான்தான் பத்து நிமிஷம்னு சொன்னேன். நான்தான் குடுக்கலை."

அவர் தலையசைத்தார். முரளி முதலில் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார் என்று கேட்டார். சொன்னதும், "எட்டு பத்துக்கு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?" என்றார்.

"ஊசியில நூல் கோத்துட்டு இருந்தீங்க."

"எட்டரைக்கு?"

"முதல் வளையம் தைச்சுட்டு இருந்தீங்க. நிலா ஓலை தேய்ச்சுட்டு இருந்தா. விரல் சுட்டுடும்னு அதட்டினீங்க."

"ஒன்பதுக்கு?"

போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினேன். இத்தனை நாளாக அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அவர் வாங்கிப் பார்த்தார். கோணல் தையல் தொப்பியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற முகம். மேலே நேரம் இருந்தது. பன்னிரண்டு நாலு. கணக்கு டீச்சர். மூன்றைக் கழிக்க அவருக்கு ஒரு நொடி ஆகவில்லை.

"ஒன்பது நாலு" என்றார். "இதை எடுக்கும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவர் என்னைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார். நான் இப்படிச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

மன்னிச்சுடுங்க என்றேன். அவர் அதைக் கேட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"நீங்க கெட்டவரா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. முரளி அதன்பின் என்னோடு பேசவே இல்லை. அவர்களுக்குள் என்ன ஆனது என்று விசாரிக்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் குழுக்களோடு போக மாட்டேன் என்று ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஆள் இல்லை என்று மறுபடியும் அனுப்பினார்கள். கடைசிக் காலத்தில் ஒரு தடவை, அதே ஹனோய் கிராமச் சுற்றுலாவில், நெல்வயலுக்கு நடுவில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. அபுதாபியிலிருந்து வந்திருந்த ஒரு இன்ஜினியருடைய அம்மாவைப் பற்றி. தஞ்சாவூரில், கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. "மெதுவாச் சொல்லுங்க, ஊர் சுத்திப் பார்க்க வந்த இடத்துல..." என்று இன்ஜினியரின் அக்கா தொடங்கினார்.

"போனை வைக்காதீங்கம்மா. அம்மா காதுகிட்ட கொண்டுபோங்க" என்றேன். டிரைவரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். டிக்கெட் இல்லை, ஏற்பாடு இல்லை, ஒன்றும் இல்லை. இன்ஜினியரின் சீட்டுக்குப் போய் விஷயத்தை இரண்டே வரியில் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தேன். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்துக் கத்தினார். இப்படியா சொல்வது, உனக்கெல்லாம் அறிவு இருக்கா என்று, எல்லோர் முன்னாலும். நான் அவர் முழங்கையைப் பிடித்துப் பஸ்ஸிலிருந்து இறக்கினேன். வாய்க்கால் ஓரமாக ஒரு மரம் இருந்தது. அதன் கீழே அவரை உட்கார வைத்தேன்.

அன்றைய சுற்றுலா பாதியில் நின்றது. தொப்பியும் இல்லை, மண்பாண்டமும் இல்லை. இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் எழுதினார்கள். இன்ஜினியர் ஊருக்குப் போனபின் எனக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த மரத்தடியில் அவர் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தி, "அம்மா" என்று தொடங்கினார். அது மட்டும் என் காதில் விழுந்தது. உடனே நான் வயல் வரப்பில் நடந்து, பேச்சுக் கேட்காத தூரத்துக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.